கடலில் விழுந்த எஸ்தர்

யாங்கூனின் இன்சீன் பகுதியில் சகாயராஜ் என்றால் யாருக்கும் தெரியாது. 'விமான வாத்தியார்' என்றால் சிரித்துக்கொண்டே வீட்டைக் காட்டுவார்கள். ஓய்வு பெற்ற பின் பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்கு ஒரே வேலை. 1961இல் தனியாகப் பறந்து காணாமல் போன பெண் விமானி எஸ்தரைத் தேடுவது. சகாயராஜின் மூக்குக் கண்ணாடியை மனைவி ஷைலாதான் தேடித் தருவாள் என்பது வேறு விஷயம்.

ஒருவழியாகப் புத்தகம் முடிந்தது. கடைசி அத்தியாயத்தை, எண்பத்தெட்டு வயது மாமியார் இராஜகுமாரிக்கு வாசித்துக் காட்டினார்.

"எதிர்க்காற்றைச் சமாளிக்கத் தெரியாமல் எஸ்தர் கடலில் விழுந்தாள். புரியுதா அத்தை? எதிர்க்காத்துன்னா..."

"புரியுது மாப்பிள்ளை. பத்து தடவை சொல்லிட்டீங்க."

கைப்பேசி ஒலித்தது. வெளிநாட்டு விமானப் பயிற்சி மன்றம் ஒன்று, அவர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன எஸ்தரின் படத்தை அனுப்பியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். அச்சு அசலாகக் கல்யாணத்தன்று பார்த்த ஷைலாவின் முகம்.

மெல்ல நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தார்.

"அத்தை, ஏன் சொல்லல?"

"பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து ஓடி வந்தவ, பேரை மாத்திக்கிட்டேன். ஊரைக் கூட்டியா சொல்வேன்? அதுவுமில்லாம, நீங்க ஆசையா விமானம் சொல்லிக் கொடுத்தீங்க. கெடுக்க மனசு வரல."

சகாயராஜ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் என் வகுப்புப் பையனா இருந்தா என்னையே பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

"அந்தக் கடைசி வரியை மட்டும் மாத்துங்க" என்றார் மாமியார். "கடல்ல இல்ல, இங்கே தன்லியின்கிற ஊர்ப் பக்கம் ஆத்துலதான் விமானத்தை இறக்கினேன். எதிர்க்காத்துலயும் பூ மாதிரி இறக்கினேன்."