ஓரத்தில் எழுதியது

"அப்புறம் என்னாச்சு மதினி, சுட்டுப்புட்டானா?" புளிக்குக் கொட்டை எடுத்தபடியே பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி கேட்கிறாள். "இருடி, வாசிக்கிறேன்ல." நாச்சியார் மதினி, பைண்டு செய்த உளவாளித் தொடர்கதையை முற்றத்து வெயிலுக்குச் சாய்த்துப் பிடிக்கிறாள். "ஆல்பர்ட் துப்பாக்கியைத் தாழ்த்தினான். எதிரி உளவாளி பீட்டர் மழையில் நனைந்து நின்றான். பீட்டர்மேல் இவனுக்குக் காதல், அதனால்தான் சுடவில்லை." எழுத்துக்கூட்டி வாசிக்கிறவளுக்கு அச்சடித்ததும் ஓரத்தில் பென்சிலால் எழுதியதும் ஒன்றுதான். "ஆம்பளைக்கு ஆம்பளை மேலயா? நல்லாருக்குடி கதை!" பொன்னுத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். கூடவே உட்கார்ந்து புளி ஆய்கிற மதினியின் நாத்தனார் அழகிக்கு, பி.யு.சி. படிக்கிறவளுக்கு, காதுமடல் கொதிக்கிறது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தாள்களை பைண்டருக்குக் கொடுக்கும்போது, ஓரத்தில் தான் எழுதியதை அழிக்க மறந்துவிட்டாள். விரலில் ஒட்டிய புளிநாரை உருட்டிக்கொண்டே இருக்கிறாள். அது சிறுத்துக் கறுத்து மிளகு போலாகிறது. மதினி தாளைக் கண்ணருகே கொண்டுபோகிறாள். அடுத்ததைப் புரட்டுகிறாள். அதற்கடுத்ததையும். ஓரமெல்லாம் சாய்ந்த சாம்பல் எழுத்து. வீட்டு மளிகைச் சீட்டில் மாதாமாதம் பார்க்கிற அதே கையெழுத்து. பொன்னுத்தாயியின் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஈ ஒன்று புளிமேல் உட்கார்ந்து எழுகிறது. மதினி புத்தகத்தை மூடாமல் நீட்டுகிறாள். குரல் தணிந்திருக்கிறது.

"அழகி, இங்குட்டு வா. மிச்சத்தை நீயே வாசி."