நாலு விளக்கு

ஆயில் ஒழுகிக்கொண்டிருந்த கிழட்டு டிராக்டருக்கு முதலாளி நாலு எல்.இ.டி. விளக்கு வாங்கி மாட்டினார்.

"பார்த்தியா, என் மேல எவ்வளவு அக்கறை!" என்றது டிராக்டர்.

"ஒழுக்கை அடைக்கலையே," என்றது பின்னால் பூட்டியிருந்த கலப்பை.

"உனக்குப் பொறாமை."

அதுவரை பொழுது சாய்ந்தால் இரண்டுக்கும் ஓய்வு. இப்போது விடிய விடிய உழவு. அந்த வெளிச்சத்தில் முதலாளிக்கு உழவு சாலெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சொட்டிய ஆயில் மட்டும் கண்ணில் படவே இல்லை.

பத்தாம் நாள் இன்ஜின் ஜாமாகி, டிராக்டர் நடுவயலில் நின்றுவிட்டது.

காலையில் முதலாளி ஸ்பேனரோடு வந்தார்.

"பார்த்தியா, ரிப்பேர் பண்ண அவரே வந்துட்டாரு!"



முதலாளி நாலு விளக்கையும் கழற்றி, கீறல் விழாமல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.