தகர மனிதன் எடுத்த கொழுந்து

"நிறுத்துங்க தொர! அந்த மெசின் எடுக்குற கொழுந்த எம் பொண்டாட்டி ஒத்தக் கையால எடுப்பா!"

பங்களா முற்றத்தில் கூடியிருந்த சனம் மொத்தமும் மாயாண்டியைத் திரும்பிப் பார்த்தது. மனுசனுக்கு அவ்வளவு ரோசம். பின்னே, சும்மாவா? வேலாயியை மிஞ்சிக் கொழுந்தெடுக்க பொகவந்தலாவையிலேயே ஒருத்தி கிடையாது என்று பீற்றிக்கொண்டு திரிகிறவன் அவன்.

கட்டியிருந்த வெள்ளைத் துணியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தகர மனிதன் மலையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தான். இங்கிலாந்தில் ரேடியோ மாதிரி ஒரு பெட்டியில் படமும் தெரியுமாமே, அதற்காக எடுத்த கதை. வேறு ஏதோ கிரகத்தில் மெசின் மனிதர்கள் தேயிலைத் தோட்டம் நடத்துகிறார்களாம். ஆறு மாதத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் வந்து, பத்தாம் நம்பர் மலைப் பக்கம் ஒரு ஈ காக்கையைக்கூட அண்டவிடாமல் மூன்று நாள் படம் பிடித்துப் போனார்கள். போன மாதம் தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரைக்கு இப்போது அதை அனுப்பியிருந்தார்கள்.

"கதைக்காகப் பொய்யா எடுத்தது, சேர். நெசத்துல இப்படி மெசின் கெடையாது" என்றார் பெரிய கிளாக்கர் செல்லசாமி.

"என் கண்ணு பொய்யா?" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில். "படக்காரன் விட்டுப் போன அதே மெசின் ஸ்டோர்ல இருக்கு. நாளைக்கு ஓட்டிப் பார்க்கும். நல்லா எடுத்தா லண்டனுக்குத் தந்தி, பத்து மெசின். நாப்பது பொம்பள பேர் வெட்டு!"

பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் சேர்ந்து போகும். அந்த வயிற்றெரிச்சலில்தான் மாயாண்டி எழுந்து கத்தியது.

"சரி. உன் பொம்பள ஜெயிச்சா தந்தி இல்ல" என்றார் துரை.

பக்கத்தில் வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன புள்ள சிரிப்பு? அந்த மூணு நாளும் வெள்ளக்காரங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தப் போனியே, இந்த மெசின் ஓடுனதப் பாத்தியா?"

"எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. காலையில பாத்துக்கலாம்."

காலையில் பத்தாம் நம்பர் மலையே நிரம்பி வழிந்தது. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தகர மனிதன் தயாராக நின்றான். துரைதான் கொண்டுவரச் சொல்லியிருப்பார் என்று கிளாக்கர் நினைத்தார். கிளாக்கர்தான் கொண்டுவந்திருப்பார் என்று துரை நினைத்தார். கோயிலுக்குப் போய்விட்டு நேராக மலைக்கு வருகிறேன் என்று விடியவே கிளம்பிய வேலாயியை மட்டும் காணோம்.

"உன் பொம்பள பயந்து ஓடுது!" என்றார் துரை.

மாயாண்டிக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"விடுங்கண்ணே, நான் எறங்குறேன்" என்று அழகம்மா கூடையை மாட்டினாள். வேலாயிக்கு அடுத்த கை அவளுடையதுதான்.

துரை விசில் ஊதினார். தகர மனிதன் முதல் கொழுந்தைக் கிள்ளி, கண்ணில் ஒற்றிக் கூடையில் போட்டான். முதல் கொழுந்தைக் கும்பிட்டு 'பொலி, பொலி' என்று தொடங்கும் நம் பெண்களின் வழக்கத்தைக்கூட வெள்ளைக்காரன் மெசினுக்குப் பழக்கியிருக்கிறானே என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் அந்தக் கைகள் பறந்தன, பாருங்கள்! அழகம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை, மூச்சிரைக்க இரைக்கப் பறித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பொன்னையா கங்காணி தராசில் நிறுத்தார்.

"அழகம்மா, ஏழு ராத்தல். மெசினு..." அவர் தராசை இன்னொரு தடவை பார்த்தார். "பத்து ராத்தல்."

துரை மெசினின் கொழுந்தைக் கிளறிப் பார்த்தார். எல்லாம் இரண்டு இலை, ஒரு மொட்டு. முத்தின இலை மருந்துக்கும் இல்லை. மாயாண்டி கல்லின்மேல் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். நாற்பது குடும்பத்தை வாயால் கெடுத்துவிட்டோமே என்று அவனுக்குக் கண்ணீர் முட்டியது.

"கிளாக்கர்! தந்தி அடி!" என்று துரை கூவினார். "பொம்பள வேணாம்! இந்த மெசின்தான் வேணும்!"

அப்போது தகர மனிதன் இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துத் திருகிக் கழற்றினான். உள்ளேயிருந்து வியர்த்து வழியும் முகத்தோடு வேலாயி எட்டிப் பார்த்தாள்.

"மெசினு வெத்தல போடணும், யாராச்சும் குடுங்க" என்றவள் துரையைப் பார்த்துச் சிரித்தாள். "படத்துல மெசினுக்குள்ள யாருன்னு வாயத் தொறந்து சொல்லமாட்டேன்னுதான் படம் புடிச்சவங்க மாரியாத்தா மேல சத்தியம் வாங்குனாங்க தொர, செஞ்சு காட்டக்கூடாதுன்னு சொல்லலியே!"