தவளையின் பயோடேட்டாவில் ஒரு இடைவெளி

குளத்துக்குக் காவலாள் வேண்டும் என்று யானை அறிவித்திருந்தது. பயோடேட்டா எழுதுவதில் பெயர் வாங்கிய காக்கையிடம் தவளை வந்து உட்கார்ந்தது.

காக்கை தாமரை இலையில் அலகால் கீறிக்கொண்டே போனது. நீச்சல், தாவல், மழைக்காலக் கச்சேரி என்று மளமளவென வந்த எழுத்து, ஓரிடத்தில் தடைபட்டது.

“போன பஞ்சத்துல குளம் வத்துச்சே, அப்போ எங்கே வேலை பார்த்தே? இதே வேலைக்குக் கொக்கு அதோட பயோடேட்டாவுல ஊர் ஊரா எத்தனை குளத்துல வேலை பார்த்ததா போட்டிருக்கு தெரியுமா? இடைவெளி இருந்தா யானைக்குச் சந்தேகம் வரும். ஆத்துல இருந்ததா எழுதிடவா?”

“வேண்டாம்ணே. நான் எங்கேயும் போகல.”

“இங்கே சொட்டுத் தண்ணிகூட இல்லையே!”

“சேத்துக்குள்ள இறங்கிட்டேன். மேலே சேறு காஞ்சு இறுகிடுச்சு. சாப்பாடு இல்லை, அசையவும் முடியல. மழை வர்ற வரைக்கும் அப்படியே கிடந்தேன். அதைப் போய் வேலைன்னு எழுத முடியுமா? விட்டுடுங்க.”

காக்கையின் குரல் இறங்கிவிட்டது. “அந்த வெடிச்ச தரையில நான் நடந்தேனே! இங்கே ஒரு உயிர்கூட மிச்சமில்லைன்னு கத்திட்டுத்தானே பறந்து போனேன்!”

“கேட்டுச்சுண்ணே. பதில் சொல்லத்தான் வாயைத் திறக்க முடியல.”

காக்கை தன் காலடி மண்ணைப் பார்த்தது. நகம் படாமல் மெல்ல ஒதுங்கி நின்றது. எழுதிய இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, புது இலை ஒன்றைப் பறித்து ஒரே ஒரு வரி எழுதியது:

“குளம் வற்றியபோதும் குளத்தில்தான் இருந்தேன்.”