எழும்பாத மனுசன்

"எழும்புங்க! அய்யோ, எழும்புங்கன்னுல்லா சொல்லுகேன்!"

கீழ நின்னு தொண்டை கிழியக் கத்துகேன். மேல, சரிவுக்கு நட்ட நடுவுல, எனக்க வீட்டுக்காரர் வள்ளிநாயகம் குப்புறக் கெடக்காவ. கால்ல மாட்டின சறுக்குக் கட்டை ரெண்டும் கழண்டு ஒரு பக்கமாக் கெடக்கு.

டிசம்பர் முதல் வாரம். மணாலிக்கு மேல ஒரு மலை. சீசன் இப்பத்தான் தொடங்கியிருக்காம். ஒரே ஒரு பட்டையிலதான் பனி, மிச்சம் எல்லாம் பாறை. அந்த ஒரு பட்டையில, வடசேரி பஸ் ஸ்டாண்டு போல கூட்டம். எல்லாரும் கட்டைய மாட்டிக்கிட்டு மேல இருந்து விர்ருன்னு வாரானுவ. நடுவுல இந்த மனுசன் கெடக்காவ. ஒருத்தன் தலையில ஏறினா என்ன ஆகும்?



"அக்கா, அண்ணாச்சிக்கு நெஞ்சு வலியோ?"ன்னு கேட்டான் சுதீஷ். நாகர்கோவில்ல இருந்து எங்க இருபது பேரையும் கூட்டிட்டு வந்த டூர்காரன்.

"வாயக் கழுவு மக்கா!"

அந்நேரம் எனக்க வீட்டுக்காரர், அவிய, ஒரு கையத் தூக்கி ஆட்டினாவ. எனக்க இசக்கியம்மா தாயே, உசிரு இருக்கு! உசிரு இருக்குன்னு தெரிஞ்சதும் கோவம் வந்துட்டு.

"அப்பா பேடிச்சுப் போனாவம்மா"ன்னு சிரிச்சா எங்க மவ ஆதிரா. பிளஸ் டூ படிக்கா. முதல் ஆளாச் சறுக்கி எறங்கி வந்து, டீக்கடைப் பக்கம் நின்னு டீ குடிக்கா.

"பாருங்க, பதினேழு வயசுப் பிள்ள எறங்கிட்டா! வயல்ல பாம்பக் கண்டா வாலப் புடிச்சு எறியுத மனுசன், இந்தப் பனியில எழும்பி நிக்கப் பயப்படுகிய!"

அவிய பதிலுக்கு என்னமோ கத்தினாவ. ஸ்பீக்கர் வச்சு இந்திப் பாட்டு அலறுது, ஒண்ணும் கேக்கல. கைய மட்டும் இப்படியும் அப்படியும் வீசுகாவ. வாரவனெல்லாம் கடைசி நிமிசத்துல அவியளப் பாத்து, வளைஞ்சு, ஏசிட்டுப் போறான். இந்தியில ஏசினா என்ன, ஏச்சு ஏச்சுதான். ரெண்டு பேரு போன எடுத்து வீடியோ வேற பிடிக்கான். நாணக்கேடு!

"சுதீஷு, போயித் தூக்கிட்டு வா மக்கா."

"எனக்கு இந்தப் பனியில நடக்கவே தெரியாதேக்கா. நான் விழுந்தா யாரு தூக்குவா? கைடு மேல நிக்கான், அவன் வரட்டும்."

பெறவு வந்துது பாருங்க, ஆறேழு சின்னப் பிள்ளைய. எட்டு வயசு, ஒம்பது வயசுதான் இருக்கும். வரிசையா அவியளப் பாத்து வருதுவ. நாலு பிள்ள வளைஞ்சு போயிட்டு. அஞ்சாவதா வந்த ஒரு பொட்டப்பிள்ள, சிவப்புத் தொப்பி போட்டது, திருப்பத் தெரியாம நேரே அவிய மேல வருது.

அவிய ரெண்டு கையையும் நீட்டி அந்தப் பிள்ளைய ஒரே தள்ளாத் தள்ளினாவ. பிள்ள உருண்டு போயி அலறிச்சு.

"அப்பா!" ஆதிரா கையில இருந்த டீ சிந்திட்டு.

பச்சப் பிள்ளையப் போயித் தள்ளுவாவளா? பயத்துல புத்தி பெரண்டுட்டோ? பிள்ளைக்க அப்பன் வாட்டசாட்டமான ஆளு. கையில இருந்த சறுக்குக் கம்ப ஓங்கிட்டு ஓடுகான். அவன் கூட நாலு பேரு. அடிச்சே கொன்னுருவானுவ!

கையும் காலும் ஊனித் தவழ்ந்து ஏறினேன். "அடிக்காதீங்க! அவியளுக்குச் சொகமில்ல, அடிக்காதீங்க!"ன்னு தமிழ்ல கத்துகேன். அவனுக்கு எங்க விளங்கும்?

நான் போயிச் சேருமுன்ன, அந்த அப்பன் அவிய கோட்டுக் காலரப் பிடிச்சு ஒரே தூக்காத் தூக்கிட்டான்.

தூக்கினவன், ஓங்கின கம்பக் கீழ போட்டான்.

அவிய கெடந்த எடத்துல பனியே இல்ல. ஒரு ஆளு முழுசா உள்ள போற அளவுக்கு ஓட்டை. புதுப் பனி லேசா மூடிக் கெடந்ததுல, அடியில ஓடை ஓடுகது, அவிய விழுந்து பனி உடையுத வரைக்கும், யாருக்கும் தெரியல. உள்ள தண்ணி இரைஞ்சு ஓடுது. அவியளுக்கு நெஞ்சு, வயிறு எல்லாம் நனைஞ்சு, உதடு நீலமாயிட்டு.

கைடு ஓடி வந்தான். ரெண்டு கம்பக் குறுக்க நட்டு, விசில் அடிச்சு, மேல நின்னவங்கள எல்லாம் நிறுத்தினான்.

"வாயத் தொறந்து சொல்லப்பிடாதா?" நான் அழுதுட்டேன்.

"சொன்னேன் ஏட்டி, யாரு கேட்டா? எழும்பிப் போயி ஆள விளிக்கலாம்னு பாத்தா, மேல இருந்து பிள்ளைய வந்துட்டே இருக்கு. ஆளு கெடந்தா வளைஞ்சு போவாவ. ஓட்டை கெடந்தா தெரியுமா? வரப்பு உடைஞ்சா, மண்ணு வார வரைக்கும் நாம குறுக்க படுக்க மாட்டமா? அது போலத்தான்." பல்லு கிட்டி, பேச்சு குழறுது.

அந்த அப்பன் தனக்க கோட்டக் கழத்தி அவியளுக்குப் போத்திவிட்டான். மேல நின்ன பிள்ளையளப் பாத்தான், பெறவு அவியளப் பாத்து என்னமோ கேட்டான். தட்டுத் தடுமாறி ஏறி வந்த சுதீஷ் தமிழ்ல சொன்னான்.

"உங்க பிள்ள எது, இன்னும் மேலதான் நிக்குதா, நான் போயி கூட்டிட்டு வரட்டான்னு கேக்கான் அண்ணாச்சி."

அவிய கையக் கீழ நீட்டினாவ.

"எனக்க பிள்ளையா? அந்தா டீக்கடைப் பக்கம் நிக்கா. அவ அப்பமே எறங்கியாச்சுல்லா."