மூன்று மணிப் பொட்டலம்

சட்டைக்குள் சுடச்சுட இருந்த பொட்டலத்தை வயிற்றோடு அழுத்திக்கொண்டு சவுரிராயன் வெளியே வந்தார். வாசலில் காவலாளி ஜெகதீசன் கையை நீட்டினார்.

"இன்னா சவுரி, எம் பங்கு எங்க?"

"அடங்குய்யா! உள்ள ஒரே பேஜாரா கீது."

திண்டிவனத்துக்கு வெளியே இருந்த அந்த பேட்டரி ஆய்வுக்கூடத்தில் மனிதக் கை படக் கூடாது என்பது சட்டம். எந்தப் பொடியோடு எதைச் சேர்த்தால் மின்சாரம் அதிகம் தங்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். இயந்திரக் கை அதை நிறுத்து, கலந்து, அடுப்பில் வைத்துச் சுடும். முடிவைப் பார்த்து அடுத்த கலவையையும் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும்.

கண்ணாடி துடைக்கும் சவுரிராயன் உள்ளே போகலாம்; எதையும் தொடக் கூடாது. உள்ளே பிஸ்கட் தின்ற ஒருவனைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பத்து நாளைக்கு முன் செய்த இருநூற்றுப் பன்னிரண்டாம் கலவை மூன்று மடங்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்தது. அன்றிலிருந்து அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதில் ஒரு கரண்டி கிடைக்காதா என்று வெளிக் கம்பெனிக்காரர்கள் வேலி ஓரமாக அலைகிறார்கள்.

"சவுரியண்ணே, இங்க வாங்க!"

தலைமை விஞ்ஞானி ஃபர்ஹீனின் குரல். பொட்டலத்தை ஒளிக்க நேரமில்லை. அப்படியே போய் நின்றார்.

"விழுப்புரம் லேப்ல அதே மெஷின், அதே பொடி. ஒம்பது தடவ செஞ்சும் தேறல. ஞாயித்துக்கெழம செஞ்சா இங்கயும் வரமாட்டேங்குது. ஏண்ணே?"

"எனக்கு இன்னா மேடம் தெரியும்? ஞாயித்துக்கெழம நான் பூசைக்குப் போயிடுவேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மத்த நாள்ல மூணு மணிக்கு அடுப்புக் கதவு தெறக்குதாம். கம்ப்யூட்டர் அதையும் குறிச்சு வச்சிருக்கு. கலவையில லேசா உப்பு ஏறியிருக்குன்னும் கண்டுபிடிச்சிருக்கு."

சவுரிராயன் சட்டைக்குள் கையை விட்டார். பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வேலைய விட்டு மட்டும் தூக்கிடாதீங்க மேடம். பொண்ணு ஜெசிந்தா நர்சிங் ரெண்டாம் வருசம் படிச்சிக்கினு இருக்கா."

ஃபர்ஹீன் திரைப்பக்கம் திரும்பினார். கம்ப்யூட்டர் எழுதியிருந்த அடுத்த கலவையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். சரியான அளவு உப்பை கம்ப்யூட்டரே அதில் சேர்த்திருந்தது. பிறகு நிதானமாகப் பொட்டலத்தைப் பிரித்து, வறுத்த வேர்க்கடலை இரண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"நாளையிலேர்ந்து மல்லாட்டைய உப்பு போடாம வறுங்கண்ணே!"