நரையைக் கறுக்க வைக்கும் கொடி

“இடத்தைச் சொல்லடா! கோல்டிங் டவுனிலையிருந்து காருக்குள்ளை மண்வெட்டியும் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறன்!”

கனகசபை மாமா சுபாங்கனின் சட்டைக் கையை விடுவதாக இல்லை.

ஹேர்னிங் நகரத்து வீட்டின் வரவேற்பறை முழுக்க நரைத்த தலைகள். நடுவில் சுபாங்கனின் அப்பா பாலேந்திரா மட்டும் கன்னங்கரேலென்று இருந்தார்.

“தொட்டுப் பாருங்கோ! சாயம் அடிக்கிறது ஏமாத்து வேலை. இது முழுக்கக் கிழங்கு!”

தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் சீனாக்காரர் சொன்ன மருந்து. ஏதோ காட்டுக்கொடியாம். அதன் கிழங்கைக் காயவைத்து அவித்துக் குடித்தால் நரை கறுக்குமாம். பாலேந்திராவுக்கு முழங்கால் நோ, குனிய ஏலாது. பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் நிற்கும் மகனின் போனுக்குக் கொடியின் படத்தை அனுப்பி, “தேடிக் கிண்டிக்கொண்டு வா” என்றார். மகனும் ஒரு பை நிறையக் காய்ந்த கிழங்குச் சீவல் கொண்டுவந்து கொடுத்தான்.

“குடிக்கக் கசக்குமோ அண்ணை?”

“கசப்போ? தேன் மாதிரி இனிக்கும்! சுபா, மாமா ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடியைக் காட்டு.”

“ஏலாது.”

“ஏனடா?”

“முழுக்கக் கிண்டியாச்சு. இனி அங்கை ஒண்டுமில்லை.”

“தகப்பன் மட்டும் இளந்தாரியாய்த் திரியவேணுமாக்கும்! சுயநலம் பிடிச்சவன்!”

மாமா கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள்.

“என்ரை மானத்தை வாங்கிப்போட்டியே!” அப்பா பாய்ந்தார்.

சுபாங்கன் குளியலறையில் கிடந்த துவாயைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். துவாய் முழுக்கக் கறுப்புத் திட்டு.

அப்பா செருமினார்.

“அது... ஆக்கள் வருகினம் எண்டு ஒருக்காத்தான் பூசினனான். மிச்சமெல்லாம் கிழங்குதான், சத்தியமாய்! வேர்க்காலிலை கறுக்குறது எனக்கே தெரியுது! நாளைக்கு வேறை இடத்திலை தேடி இன்னும் கொஞ்சம் கிண்டிக்கொண்டு வா.”

“ஓம்.”

சைக்கிளை எடுத்தான். நேரே தமிழ்க்கடைக்குப் போய் வத்தாளங்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, ரெண்டு கிலோ வாங்கினான்.

அந்தக் கொடியின் கிழங்கு ஈரலைப் பழுதாக்கும் என்று போனில் வாசித்த நாளிலிருந்து, இதைத்தான் சீவிக் காயவைத்துக் கொடுக்கிறான். அப்பா கிண்டச் சொன்னதை அவன் ஒருநாளும் கிண்டவேயில்லை.